அத்தாவின் மூக்கும் முதல் நோன்புக் கஞ்சியும்

அன்று மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம், பள்ளிவாசலின் பின்கட்டு அடுப்படியில் நான்கு பேர் இருந்தோம். கையில் நீளக் கரண்டியோடு அத்தா. வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு அம்மா. ஆபீசில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த நான். பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் துண்டை விரித்து, காலிக் கிண்ணத்தோடு எங்கள் பக்கத்து வீட்டுச் சுப்பையா அங்கிள்.

வராதது ஒன்றுதான். அத்தாவின் மூக்கு.

முகத்தில் இருந்தது. நல்ல நீளமான மூக்கு, நடுவில் ஒரு சின்ன மேடு. எனக்கும் அதேதான். ஆனால் அது வேலைக்கு வருவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அது நோன்பின் முதல் நாள். பெரிய அண்டாவில் கஞ்சி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றியாகிவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் அத்தா ஒரு காரியம் செய்வார். மூடியை விலக்கி, ஆவிக்கு மேலே முகத்தை நீட்டி, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். பிறகு கையில் அள்ளிய உப்பில் கொஞ்சத்தை அண்டாவில் போடுவார், மிச்சத்தைத் திருப்பி டப்பாவில் போடுவார். இத்தனை வருடமும் அந்தக் கணக்கு பிசகியதில்லை.

அன்றும் மூடியை விலக்கினார். முகத்தை நீட்டினார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. நிமிர்ந்தார்.

"சூடு மட்டும்தான் வருது" என்றார்.

மூக்கு போன விதம்

முகமூடியை எல்லாரும் கழற்றிவிட்ட பிறகு, கொஞ்சம் தாமதமாகத்தான் அந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கு வந்தது. குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அது ஏறாத வீடில்லை. அம்மாவுக்கு இருமல், எனக்கு உடம்புவலி. ஒரு வாரத்தில் நாங்கள் எழுந்துவிட்டோம். அத்தாவும் எழுந்தார். எழுந்து, வழக்கம்போல் கோப்பி போட்டுக் குடித்தார்.

"என்ன தூளு இது? வெந்நி மாதிரி இருக்கு."

அம்மா வாங்கிக் குடித்துப் பார்த்தாள். அது அவரே வறுத்து அரைக்கச் சொல்லி வாங்கிவந்த தூள். அம்மா ஏலக்காய் டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அத்தா முகர்ந்தார். அம்மாவைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

"மூடி வச்சுரு" என்றார்.

அத்தா சமையல்காரர். தேக்கா பக்கத்து உணவங்காடியில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் கடை. மிளகாய் விழுது எண்ணெயில் வேகிற வாசனை மாறுகிற அந்த ஒரு நொடிக்கு முன்னால் மீயைப் போட்டால் பச்சை அடிக்கும், பின்னால் போட்டால் கசக்கும். அந்த நொடியைக் கண்ணால் பார்க்க முடியாது. மூக்குதான் சொல்ல வேண்டும்.

மூக்கு சொல்லாமல் அத்தா இரண்டு வாரம் கடை நடத்தினார். வாடிக்கைக்காரர்கள் நல்லவர்கள், யாரும் குறை சொல்லவில்லை. மறுநாள் வேறு கடையில் போய் நின்றார்கள், அவ்வளவுதான். சீன அங்கிள் ஒருவர் தினமும் வந்து பாதித் தட்டை மிச்சம் வைத்துவிட்டு, "இன்னைக்கு பசி இல்லை பாஸ்" என்று தினமும் ஒரே பொய்யைச் சொன்னார். இரண்டாவது வாரக் கடைசியில் அத்தா அடுப்பை அணைத்து ஷட்டரை இறக்கினார்.

நான் மொழிபெயர்த்த டாக்டர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அத்தா மூன்றாவதோடு நிறுத்தியவர். அம்மாவுக்கு அந்த மூன்றும் இல்லை. அதனால் ஆஸ்பத்திரி, வங்கி, நகர மன்றம் என்று எங்கே போனாலும் நடுவில் நாற்காலி எனக்குத்தான். அவர்கள் சொல்வதை இந்தப் பக்கமும் இவர்கள் கேட்பதை அந்தப் பக்கமும் கடத்துவேன். பன்னிரண்டு வயதில் தொடங்கிய வேலை.

மூக்கு டாக்டர் இளம்பெண். பொறுமையாகச் சொன்னார். நான் கடத்தினேன்.

"வாசம் திரும்பி வரலாமாம். வராமலும் போகலாமாம்."

அத்தா டாக்டரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். வெளியே வந்து லிஃப்டுக்கு நிற்கும்போது கேட்டார். "இதைத்தானா அவ்வளவு நேரம் இங்கிலீசுல சொன்னாங்க?"

"ஆமா."

"எல்லாத்துக்கும் அதுதானேடா."

எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. போனில் தேடினேன், படித்தேன். மூக்குக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று இருந்தது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலம் என்று நாலு சின்னப் புட்டிகள் வாங்கிவந்து அத்தாவின் தலைமாட்டில் வைத்தேன். காலையும் மாலையும் முகர வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பேன், "வந்துச்சா?"

"டேய், மூக்கு என்ன பஸ்ஸா? இன்னும் அஞ்சு நிமிசத்துல வருதுன்னு போர்டு போடுறதுக்கு."

ஆனால் பயிற்சியை விடவில்லை. அதிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து பாயில் உட்காருவார். பிஸ்மில்லாஹ் சொல்லிப் புட்டியைத் திறப்பார். முகர்வார். ஒன்றும் இருக்காது. இறைவனுக்கு நன்றியாக அல்ஹம்துலில்லாஹ் சொல்லி மூடுவார். அடுத்த புட்டி. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணும் வரலையே அத்தா. அப்புறம் எதுக்கு அல்ஹம்துலில்லாஹ்?"

"இத்தனை வருசம் வந்துச்சே, அப்ப ஒரு நாளாச்சும் சொன்னேனா? பாக்கி நிறைய இருக்குடா."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. சோர்ந்து பார்த்திருக்கிறேன். அம்மா மீன் பொரிக்கிறபோது சமையலறை வாசலில் வந்து நிற்பார். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து, "அல்லா குடுத்தது, அல்லா எடுத்தது, நம்ம என்ன கடைக்காரன்கிட்ட சண்டையா போட முடியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிப் போவார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அத்தர் பூசுவதையும் நிறுத்தவில்லை. "உங்களுக்குத்தான் தெரியாதே, எதுக்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "எனக்கா பூசுறேன்? பக்கத்துல நிக்கிறவனுக்கு" என்றார். எவ்வளவு பூசுகிறோம் என்று தெரியாததால் பக்கத்தில் நிற்கிறவன் தொழுகை முழுக்கத் தும்மினான் என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு அத்தர் புட்டியை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

சாவி

நோன்பு நெருங்கியது. எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி அத்தாவின் கை. சம்பளம் கிடையாது, அது அவர் இறைவனுக்காக மனசில் எடுத்துக்கொண்ட நிய்யத்து. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். பாய் விரித்து உட்காருகிறவர்களுக்கு மட்டுமில்லை. அஸருக்குப் பிறகு தூக்குவாளியும் டப்பாவுமாக வாசலில் வரிசை நிற்கும். மலாய்க்காரர்கள், சீனர்கள், நம் ஆட்கள், யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம்.

நிர்வாகத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்து பக்குவமாகப் பேசினார். இந்த ஒரு வருடம் கேட்டரிங்கில் சொல்லிவிடலாமே, உங்களுக்கும் ஓய்வு.

அத்தா தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தினார். "முதல் நாள் நான் ஆக்குறேன். நல்லா வரலேன்னா மறுநாள்லேர்ந்து கேட்டரிங்."

அவர் போன பிறகு அத்தா உள்ளே போனார். கடைச் சாவியை எடுத்து வந்து டீவிக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"அல்லா மேல பாரத்தைப் போட்டு இந்தக் கஞ்சியை ஆக்கிப் பாக்குறேன். மூக்கில்லாம கை மட்டும் வேலை செய்யுதான்னு தெரிஞ்சுடும். செஞ்சா, பெருநாள் கழிச்சு ஷட்டரைத் தூக்குவோம். செய்யலேன்னா சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு வேற வேலை பாத்துக்கறேன். காவலுக்கு ஆள் எடுக்குறாங்களாம்."

அம்மா "இன்ஷா அல்லா" என்றாள். இருபத்து நாலு மணி நேரமும் ஏசி ஓடுகிற ஒரு கட்டட வாசலில், வாசனையே இல்லாத மேசைக்குப் பின்னால் அத்தாவை நான் மனசுக்குள் உட்கார வைத்துப் பார்த்தேன்.

அங்கிளின் நாக்கு

மிச்சமிருந்தது உப்புப் பிரச்சினை. தாளிப்பு, பட்டை கிராம்பு, வாசனைக்குப் போடுகிற ரம்பை இலை, வெங்காயத்தின் நிறம், இதெல்லாம் கைக்கும் கண்ணுக்கும் பழகியது என்று அத்தா சொன்னார். உப்பு மட்டும் மூக்கைக் கேட்டுத்தான் போட்டுப் பழக்கம். அவர் நாக்கும் மூக்கோடு சேர்ந்தே போயிருந்தது, நோன்பு நேரத்தில் எங்கள் நாக்காலும் பார்க்க முடியாதே.

அடுப்படியில் நிற்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு என்று இமாமே சொன்னார். அத்தா கேட்கவில்லை. "வாசல்ல நிக்கிற அத்தனை பேரும் வாயைக் கட்டிட்டு நிக்கும்போது, நம்ம மட்டும் உள்ள நின்னு ருசி பாக்குறதா?"

அப்போதுதான் சுப்பையா அங்கிள் உள்ளே வருகிறார். போன வாரம் இதே பத்தியில் இவருடைய புறாச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக: செம்பவாங் கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடித்து ஓய்வுபெற்றவர். மகளோடு எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார். முருக பக்தர். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து டோபி காட் தாண்டி டேங்க் ரோடு கோயில் வரைக்கும் நடக்கிறவர். அந்த வருடம் நடக்கும்போது அத்தாவின் மூக்குக்காகவும் வேண்டிக்கொண்டார்.

"அண்ணே, என் மூக்குக்கு அங்க போய் கேட்டீங்களா?" என்று அத்தா சிரித்தார்.

"நீங்க உங்க பக்கம் கேளுங்க பாய், நான் எங்க பக்கம் கேக்குறேன். யாரு முந்துறாங்கன்னு பாப்போம்."

உப்பு விவகாரத்தைக் கேட்டதும் அங்கிள் துள்ளினார். "நான் எதுக்கு இருக்கேன்? எனக்கு நோன்பா, விரதமா? நான் பாத்துச் சொல்றேன்லா." உடனே இன்னொன்றும் சொன்னார். "எங்க கோயில்லயும் இப்படித்தான். படைக்கிறதுக்கு முன்னாடி வாயில வைக்க மாட்டோம். உப்பு கூடும், கொறையும். இன்னைய வரைக்கும் முருகன் ஒரு கம்ப்ளைண்ட் பண்ணதில்லை."

"முருகன் பண்ண மாட்டாரு அண்ணே. எங்க பாக் சிக் பண்ணுவாரு."

பாக் சிக் என்றால் மலாயில் மாமா மாதிரி. வருடா வருடம் முதல் நோன்புக்கு எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி குடிக்கவே வருகிற மலாய்ப் பெரியவர். கொஞ்சம் தமிழ் பேசுவார், வாய்விட்டுப் பேசுவார்.

போதும் பாய்

இனி அடுப்படிக்குத் திரும்புகிறேன். சூடு மட்டும்தான் வருது என்று சொன்ன அத்தா, அங்கிளைப் பார்த்தார். முதல் பிடி உப்பு முன்பே போட்டாகிவிட்டது. இரண்டாவது பிடி அத்தாவின் கையில் காத்திருந்தது.

அங்கிள் கிண்ணத்தை நீட்டினார். அம்மா ஒரு கரண்டி ஊற்றினாள். அங்கிள் ஊதி, உறிஞ்சி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, கூரையைப் பார்த்தார். நீதிபதி தீர்ப்புச் சொல்கிற மாதிரி இருந்தது.

"சும்மா சொல்லக் கூடாது பாய். அமிர்தம்."

"உப்பு?"

"போதும் பாய். இதுக்கு மேல போட்டா கரிக்கும்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணே."

"அட போதுங்கறேன்!"

அத்தாவின் கை ஒரு கணம் அண்டாவுக்கு மேலேயே நின்றது. பிறகு அந்தப் பிடியை டப்பாவில் திருப்பிப் போட்டுவிட்டு, அடுப்பைத் தணித்தார்.

வாசலில் வரிசை நகர்ந்தது. டப்பாக்கள் நிறைந்தன. நான் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கியவர்கள் மூடியைச் சாத்துவதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் போனார்கள். எல்லாருமே அப்படிச் செய்தார்கள். பயத்தில் இருந்ததால் அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

பாய் விரித்த பிறகு

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. நீளப் பாயின் இரண்டு பக்கமும் ஆட்கள். அத்தா எனக்கு எதிரில். அங்கிளுக்கு முழங்கால் மடங்காது என்பதால் ஓரமாக நாற்காலி.

முதல் வாய் வைத்தேன். உப்பு பத்தவில்லை. கொஞ்சமாகப் பத்தாமல் இல்லை, நன்றாகவே பத்தவில்லை.

பாயின் நீளத்துக்கும் பார்த்தேன். ஒவ்வொருவரும் ஒரு வாய் வைத்தார்கள், ஒரு கணம் நிறுத்தினார்கள், இன்னொரு வாய் வைத்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதி. அங்கிருந்து அம்மாவின் கை மட்டும் வெளியே நீண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ தூவிக் காட்டிவிட்டு உள்ளே போனது.

விஷயம் தெரியாத ஒரே ஆள் கஞ்சி ஆக்கியவர்தான். அத்தா நிதானமாக, ஒவ்வொரு கரண்டியாகக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்தக் கஞ்சியும் ஒரே கஞ்சி. பாதியில் நிமிர்ந்து, புருவத்தை உயர்த்தி என்னைக் கேட்டார். எப்படி?

நான் கிண்ணத்துக்குள் குனிந்து இன்னொரு கரண்டி அள்ளினேன். சாவி டீவிக்குப் பக்கத்தில் இருந்தது.

"சூப்பர் பாய்!" என்று நாற்காலியிலிருந்து அங்கிள் குரல் கொடுத்தார். பாய் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

பாக் சிக் கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கே உரிய தமிழில், மெதுவாகத்தான் கேட்டார். "தம்பி, கராம் மறந்துட்டியா? உப்பு இல்லை."

அத்தாவின் கரண்டி கிண்ணத்தில் நின்றது.

அத்தா உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தபடி, "வாசம் இருக்கா?" என்றார்.

"என்ன?"

"கஞ்சியில வாசம் இருக்கா பாக் சிக்? எப்பவும் இருக்குற வாசம்?"

பாக் சிக் அத்தாவைப் பார்த்தார். செய்தி அவருக்கும் தெரியும். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, முகத்துக்குக் கிட்டே வைத்து, அவசரப்படாமல் முகர்ந்தார்.

"பஸ் ஸ்டாப்புல இறங்கினேன். அங்கேயே வந்துச்சு, உன் கஞ்சி வாசம். வாசம் ஃபுல். உப்புதான் இல்லை."

"அதானே!" என்று பாயின் மறுகோடியிலிருந்து ஒருவர். "வாசத்துக்கு என்ன கொறச்சல், பசியக் கிளப்பிட்டு உப்ப மறந்துட்டீங்க பாய்!" எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ரம்பை தூக்கலாக இருக்கிறது என்றார் ஒருவர். தாளிப்பு போன வருடத்தைவிடப் பிரமாதம் என்றார் இன்னொருவர்.

அத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவி படியவில்லை, ஆனாலும் துடைத்தார். பிறகு சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"உப்பு கடையில கிடைக்கும்டா. டப்பாவுல இருக்குறது இத்தனை கிண்ணத்துக்குப் பத்தாது. ஓடு, போய் வாங்கிட்டு வா."

நான் எழுந்தேன். அதற்குள் எல்லாரும் அங்கிளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டாராம். மகள் பல வாரமாக உப்பில்லாமல்தான் சமைத்துப் போடுகிறாளாம். "உப்பே கண்ணுல காட்டாத நாக்கு பாய். முதல் பிடியே எனக்கு கடல் தண்ணி மாதிரி இருந்துச்சு. நான் என்ன பண்ணுவேன்? மக கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அதற்குப் பிறகு

மறுநாள் கேட்டரிங் வரவில்லை. அங்கிளும் வேலையிலிருந்து நீக்கப்படவில்லை. அந்த நோன்பு முழுக்க அவர்தான் உப்புப் பார்த்தார். அவர் "போதும்" என்று சொன்னதும் அத்தா பிஸ்மில்லாஹ் சொல்லி இன்னொரு பிடி போடுவார். அதற்குப் பிறகு உப்பு ஒருநாளும் தப்பவில்லை.

பெருநாள் கழித்து ஷட்டரைத் தூக்கினோம். மிளகாய் விழுதுக்கு அம்மா பக்கத்தில் நின்று "இப்ப" என்பாள். அத்தா மீயைப் போடுவார். சீன அங்கிளுக்குப் பசி திரும்பியது.

மூக்கு? அது இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்தது. நான் வாங்கித் தந்த ரோஜாவும் எலுமிச்சையும் இல்லை. எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற மக் சிக், ஒரு மலாய் அம்மா, பெலாச்சான் வாட்டினார். இறாலைப் புளிக்கவைத்துக் காயவைத்த அந்தக் கட்டி அடுப்பில் பட்டால் புளோக்கே ஜன்னலைச் சாத்தும். அன்றும் படபடவென்று சாத்தினார்கள். பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த அத்தா நிமிர்ந்தார். எழுந்து போய், எல்லாரும் சாத்துகிற நேரத்தில் எங்கள் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாறுது" என்றார். குரல் உடைந்திருந்தது. "அல்ஹம்துலில்லாஹ், நல்லா நாறுது."

சுவருக்கு அந்தப் பக்கம் அங்கிள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "யாரு முந்துனா பாய்?" என்று கத்தினார்.

"மக் சிக்தான் அண்ணே!"

இப்போதைக்குப் பெலாச்சானும் கருவாடும் கொஞ்சம் கிராம்பும் வருகின்றன. ஏலக்காய் இன்னும் வரவில்லை. அத்தா அவசரப்படவில்லை. சுபுஹுக்குப் பிறகு புட்டியைத் திறக்கிறார், முகர்கிறார், வந்ததற்கும் வராததற்கும் ஒரே வார்த்தையைச் சொல்லி மூடுகிறார். நானும் இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்கிறேன்.

அந்த முதல் நோன்பன்று நாங்கள் எதையெல்லாம் இழந்துவிடுவோம் என்று நான் மனசுக்குள் பயந்து பார்த்திருந்தேன். கடை, அத்தாவின் பெயர், அவர் முகம். கடைசியில் ஆன செலவு, எதிர்க்கடையில் வாங்கிய மூன்று பாக்கெட் உப்பு. அதையும் "இது என் அபராதம்" என்று அங்கிள் என் கையைத் தள்ளிவிட்டுத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்: இரண்டு வெள்ளி பத்துக் காசு.